முகவரிக்குள் அடங்காத டிஸ்க்

(கணினிப் பொறியியல் மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஹார்டு டிஸ்க்கின் வளர்ச்சியைப் பற்றிப் பேச வருகிறவர்கள் வழக்கமாக அதைச் செய்யும் ஆலைகளைப் பற்றித்தான் பேசுவார்கள். 1956ல் ஐ.பி.எம் வெளியிட்ட ரமாக் கணினியின் டிஸ்க்கில், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகளைத் தாங்கின. இன்று ஒரு கையில் தூக்கிவிடக்கூடிய டிஸ்க் 30 டெராபைட்டைத் தாங்குகிறது. இதற்குப் பின்னால் இருக்கும் இயற்பியலும் உலோகவியலும் பெரிய சாதனைகள். அவற்றைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது அந்த டிஸ்க்கோடு பேசும் மென்பொருளை, அதாவது டிரைவரை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடந்த நாற்பது ஆண்டுகளில் 'இதைவிடப் பெரிய டிஸ்க் இந்தக் கணினியில் வேலை செய்யாது' என்று சொல்லப்பட்ட எல்லைகள் அனேகமாக எல்லாமே, யாரோ ஒரு பொறியாளர் ஓர் எண்ணுக்கு எத்தனை பிட் ஒதுக்கினார் என்பதால் வந்தவை. டிஸ்க் ஒருபோதும் பின்தங்கவில்லை. அந்த எல்லைகளைத் தொட்டபோது டிரைவர்கள் நடந்துகொண்ட விதத்தில் இரண்டு வகை உண்டு. சில 'முடியாது' என்று மறுத்தன. சில மறுக்காமல், தவறான இடத்தில் எழுதிவிட்டு 'எழுதியாயிற்று' என்றன. முதல் வகை பணத்தை வீணாக்கியது. இரண்டாம் வகை மக்களின் தரவை அழித்தது. டிரைவர் எழுதப் போகிறவர்கள் இந்த வேறுபாட்டை மனதில் ஆழமாகப் பதித்துக்கொள்ள வேண்டும்.

டிரைவர் செய்யும் வேலை என்ன? ஃபைல் சிஸ்டம் அதனிடம் கேட்பது எளிமையானது: 'இத்தனையாவது பிளாக்கிலிருந்து இத்தனை பிளாக் படித்துக் கொடு' அல்லது 'எழுது'. டிரைவர் அந்த எண்ணைக் கன்ட்ரோலருக்குப் புரியும் கட்டளையாக மாற்றி, ரெஜிஸ்டர்களில் நிரப்பி, பதில் வரும்வரை காத்திருந்து, பிழை உண்டா என்று பார்த்துத் திருப்பித் தருகிறது. இந்த எண் கடந்து போகும் வழியில் பல கைகள் இருக்கின்றன: ஃபைல் சிஸ்டம், பார்ட்டிஷன் அட்டவணை, டிரைவர், பயாஸ், கன்ட்ரோலர், கேபிளின் மறுமுனையில் டிஸ்க்குக்குள்ளேயே ஓடும் ஃபர்ம்வேர். ஆறு கட்டம் மட்டும் அச்சிட்ட விண்ணப்பப் படிவத்தில் ஏழு இலக்க எண்ணை எழுத முடியாதது போல, இந்தக் கைகளில் எது மிகக் குறைந்த பிட்களை ஒதுக்கியிருக்கிறதோ அதுவே மொத்தக் கணினியின் எல்லையாகிவிடுகிறது.

தொடக்க காலத்துக்குப் போவோம். 1980ல் சீகேட் நிறுவனம் எஸ்.டி-506 என்ற டிஸ்க்கை வெளியிட்டது. கொள்ளளவு 5 மெகாபைட். 1983ல் வந்த ஐ.பி.எம் பி.சி எக்ஸ்.டியில் 10 மெகாபைட் டிஸ்க் இருந்தது. அன்றைய டிரைவருக்கு டிஸ்க்கின் உண்மையான உடல் தெரியும். எந்த சிலிண்டருக்கு ஹெட்டை நகர்த்த வேண்டும், எந்த ஹெட்டால் படிக்க வேண்டும், அந்தத் தடத்தில் எத்தனையாவது செக்டார் என்று மூன்று எண்களைக் கொடுத்தால்தான் 512 பைட் கிடைக்கும். சிலிண்டர், ஹெட், செக்டார் என்ற இந்த முறையைச் சுருக்கமாக சி.எச்.எஸ் என்பார்கள்.

பயாஸ் இந்த மூன்று எண்களுக்கும் இடம் பிரித்துக் கொடுத்தது: சிலிண்டருக்கு 10 பிட், ஹெட்டுக்கு 8 பிட், செக்டாருக்கு 6 பிட். செக்டாரை 1 முதல் எண்ணுவதால் அதிகபட்சம் 63. பின்னால் ஏ.டி.ஏ இடைமுகத்தை வடிவமைத்தவர்கள் வேறு விதமாகப் பிரித்தார்கள்: சிலிண்டருக்கு 16 பிட், ஹெட்டுக்கு 4 பிட், செக்டாருக்கு 8 பிட். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் தாராளமானவை. பயாஸின் கணக்கில் 8.4 ஜிகாபைட் வரை போகலாம், ஏ.டி.ஏயின் கணக்கில் 136.9 ஜிகாபைட் வரை. ஆனால் ஒரே எண் இரண்டையும் கடந்தாக வேண்டும். சிலிண்டரில் பயாஸின் 1,024, ஹெட்டில் ஏ.டி.ஏயின் 16, செக்டாரில் பயாஸின் 63. ஒவ்வொன்றிலும் சிறியதே மிஞ்சுகிறது. மூன்றையும் பெருக்கி 512ஆல் பெருக்கினால் 528,482,304 பைட். 1990களின் நடுவில் கணினி வாங்கியவர்களை முட்டவைத்த 528 மெகாபைட் சுவர் இதுதான். இருவர் தனித்தனியே நன்றாக யோசித்துச் செய்த இரண்டு வடிவமைப்புகளின் நடுவே எழுந்த சுவர் அது. அந்த இணைப்பில் நின்று பார்க்கும் பொறுப்பு யாரிடமும் இருக்கவில்லை.

இதற்குக் கண்டுபிடித்த மருந்து மொழிபெயர்ப்பு. பயாஸ் சிலிண்டர் எண்ணிக்கையைத் தேவையான மடங்கு குறைத்து, ஹெட் எண்ணிக்கையை அதே மடங்கு கூட்டி, இயங்குதளத்திடம் ஒரு கற்பனை டிஸ்க்கைக் காட்டும். டிஸ்க்கிடம் பேசும்போது பழையபடி மாற்றிக்கொள்ளும். இதன் மூலம் 8.4 ஜிகாபைட் வரை வந்தார்கள். அதிலும் ஒரு சிக்கல்: டாஸ் இயங்குதளம் ஹெட்களின் எண்ணிக்கையை ஒரே பைட்டில் வைத்திருந்தது. 256 என்ற எண் ஒரு பைட்டில் 0 ஆகிவிடும். ஆகவே கற்பனை டிஸ்க்குகளுக்கு 255 ஹெட் என்று வழக்கமாயிற்று.

உண்மையில் அந்த டிஸ்க்குகளுக்குள் இருந்தவை இரண்டு மூன்று தட்டுகள்தாம். வெளிவட்டத் தடங்கள் நீளமானவை என்பதால் அவற்றில் அதிக செக்டார்களையும், உள்வட்டத் தடங்களில் குறைவான செக்டார்களையும் வைக்கும் முறையும் வந்துவிட்டது. 'ஒரு தடத்துக்கு இத்தனை செக்டார்' என்ற பேச்சுக்கே பொருள் இல்லாமல் போயிற்று. ஆனாலும் 8.4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஏ.டி.ஏ டிஸ்க்குகள் எல்லாம், கேட்டவரிடம் 16,383 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டார் என்ற ஒரே பதிலைச் சொல்லி வந்தன. பழைய மென்பொருள் உயிரோடு இருக்கும்வரை அந்தப் பதில் தேவைப்பட்டது. இதன் விலையை யார் கொடுத்தார்கள்? ஒரு கணினியின் பயாஸ் ஒரு விதமாக மொழிபெயர்த்த டிஸ்க்கைக் கழற்றி, வேறு விதமாக மொழிபெயர்க்கும் இன்னொரு கணினியில் மாட்டியவர்கள் கொடுத்தார்கள். உள்ளே தரவு அப்படியே இருக்கும். முகவரிகள் மட்டும் பொருந்தாது.

மூன்று எண்களுக்குப் பதிலாக, 0 முதல் வரிசையாக எண்ணிக்கொண்டு போகும் ஒரே எண் போதும் என்பது ஸ்கஸி வகை டிஸ்க்குகளில் தொடக்கத்திலேயே இருந்த வழி. இதற்கு எல்.பி.ஏ என்று பெயர். ஏ.டி.ஏயும் அதற்கு வந்தபோது, புதிய ரெஜிஸ்டர் எதையும் சேர்க்காமல் பழைய மூன்றையும் ஒட்டவைத்துக்கொண்டார்கள். 16, 4, 8 கூட்டினால் 28. இரண்டின் 28ஆம் அடுக்கு செக்டார், ஒவ்வொன்றும் 512 பைட்: 137,438,953,472 பைட். அடுத்த சுவர் 137 ஜிகாபைட்டில் எழுந்தது. விண்டோஸ் எண்ணும் முறையில் இதுவே 128 ஜிபி.

இந்தச் சுவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன், ஏனென்றால் முந்தைய சுவர்களைவிட இது கொடுமையானது. 28 பிட்டுக்கு மேல் தெரியாத டிரைவரிடம் 268,435,456ஆம் செக்டாரில் எழுதச் சொன்னால் என்ன நடக்கும்? அந்த எண்ணை இரும எண்ணாக எழுதினால் 29ஆவது பிட் மட்டும் 1. மற்றவை எல்லாம் 0. ரெஜிஸ்டர்களில் 28 பிட்டுக்குத்தான் இடம். 29ஆவது பிட் உதிர்ந்துவிடுகிறது. டிஸ்க்குக்குப் போய்ச் சேரும் முகவரி 0. டிஸ்க்கின் முதல் செக்டாரில்தான் பார்ட்டிஷன் அட்டவணை இருக்கிறது. அதன் மேல் உங்கள் புகைப்படத்தின் ஒரு துண்டு எழுதப்படும். அடுத்தடுத்த செக்டார்களில் ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை அமைப்புகள் ஒவ்வொன்றாக அழியும். டிஸ்க் ஒவ்வொரு முறையும் 'சரி' என்றே பதில் சொல்லும். அதன் பார்வையில் கட்டளை முறையானது. அதை அது ஒழுங்காக நிறைவேற்றியிருக்கிறது.

இதைவிட ஆபத்தான ஒன்று உண்டு. எழுதிய உடனே அதே முகவரியைப் படித்துச் சரிபார்த்தாலும் தவறு தெரியாது. படிக்கும் கட்டளையும் அதே டிரைவர் வழியாக, அதே பிட்டை இழந்து, அதே தவறான இடத்துக்குத்தான் போகிறது. எழுதியது அப்படியே திரும்பக் கிடைக்கும். சோதனை வெற்றி என்று அறிக்கை வரும். சந்தையில் பெரிய கொள்ளளவு என்று பொய் சொல்லி விற்கப்படும் போலி பென்டிரைவ்கள் பலவற்றின் உத்தியும் இதுதான்: மேல் பிட்டைத் தூக்கி எறிந்துவிட்டு முகவரியைச் சுற்றவிடுவது. மோசடிக்காரர் வேண்டுமென்றே செய்வதை, நேர்மையான டிரைவர் கவனக்குறைவால் செய்தது.

காலமும் இதில் எதிரிதான். புதிய 160 ஜிகாபைட் டிஸ்க்கை மாட்டியதும் எல்லாம் நன்றாக ஓடும். ஃபைல் சிஸ்டம் முன்பகுதியில் நிரப்பிக்கொண்டே வரும்வரை மேல்பகுதியின் முகவரிகள் பெரும்பாலும் தேவைப்படாது. மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் கழித்து, டிஸ்க் நிரம்பும்போதுதான் அழிவு தொடங்கும். அதற்குள் தரவு பெருகியிருக்கும். டிஸ்க் மாட்டியவர் யார் என்பதே மறந்திருக்கும். விண்டோஸ் 98ல் ஹார்டு டிஸ்க்கைக் கையாண்ட டிரைவர் கோப்பின் பெயர் இ.எஸ்.டி.ஐ_506. 1980ஆம் ஆண்டு டிஸ்க்கின் எண்ணைப் பெயரிலேயே சுமந்த அந்த டிரைவர் 28 பிட் எல்லையைத் தாண்டத் தெரியாதது. 2001ல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியின் முதல் பதிப்பிலும் பெரிய முகவரிக்கு ஆதரவு இல்லை. அடுத்த ஆண்டு வந்த முதல் சர்வீஸ் பேக்கில்தான் சேர்ந்தது.

ஏ.டி.ஏயின் ஆறாம் பதிப்பு முகவரியை 48 பிட்டாக்கியது. 144 பீட்டாபைட், அதாவது சுமார் 1 லட்சத்து 44 ஆயிரம் டெராபைட் வரை அது போகும். அதைச் செய்த முறை எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் வேலைகளில் ஒன்று. புதிய ரெஜிஸ்டர்களுக்கு இடம் இல்லை. கேபிளையும் மாற்ற முடியாது. அதனால் இருக்கும் ரெஜிஸ்டர்கள் ஒவ்வொன்றும் இரண்டு பைட்டை அடுத்தடுத்து நினைவில் வைத்துக்கொள்ளும்படி செய்தார்கள். டிரைவர் முதலில் மேல் பைட்டை எழுதும். பிறகு அதே ரெஜிஸ்டரில் கீழ் பைட்டை எழுதும். புதிய கட்டளை வந்தால் டிஸ்க் இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். பழைய கட்டளை வந்தால் கடைசியாக எழுதியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். பழைய டிரைவர், புதிய டிஸ்க் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காமல் வாழ இது வழி செய்தது. ஒரே கட்டளையில் கேட்கக்கூடிய செக்டார் எண்ணிக்கையும் 256லிருந்து 65,536 ஆயிற்று.

ஆனால் டிரைவர் எழுதுகிறவருக்கு இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கங்கள் பல. டிஸ்க் தன்னைப் பற்றித் தரும் அடையாளத் தகவலில் 83ஆவது சொல்லின் 10ஆவது பிட்தான் 48 பிட் ஆதரவு உண்டா என்று சொல்கிறது. கொள்ளளவு பழைய முறையில் 60, 61ஆம் சொற்களிலும், புதிய முறையில் 100 முதல் 103 வரையிலும் இருக்கும். எதைப் படிப்பது என்று முடிவெடுக்கும் முன் அந்த ஒரு பிட்டைக் கேட்க வேண்டும். கேட்காமல் ஊகிப்பது குற்றம்.

அடுத்தது எல்லையில் நிற்கும் கோரிக்கை. எல்லைக்குச் சற்று முன்னால் தொடங்கி எல்லைக்கு அப்பால் முடியும் படிக்கும் கோரிக்கை ஒன்றை எண்ணிப் பாருங்கள். டிரைவர் தொடக்க முகவரியை மட்டும் பார்த்தால் '28 பிட்டுக்குள் அடங்குகிறது, பழைய கட்டளை போதும்' என்று முடிவு செய்யும். பார்க்க வேண்டியது முடிவு முகவரியை. லினக்ஸின் ஏ.டி.ஏ நூலகத்தில் இந்தச் சோதனை முடிவு முகவரி மேல்தான் நடக்கிறது. முடிவு எல்லையைத் தொடவே கூடாது என்று அங்கே ஒரு குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார்கள். இப்படி ஒரு வரிக் குறிப்பு எத்தனை பேருடைய தரவைக் காத்திருக்கும்!

பிழை வரும் வழியையும் மறக்கக் கூடாது. ஒரு செக்டார் படிக்க முடியாமல் போனால், எது என்று டிஸ்க்கிடம் கேட்க வேண்டும். 48 பிட் முகவரியின் மேல் பைட்களைப் படிக்க, கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் ஒரு தனி பிட்டை ஏற்றிவிட்டுத்தான் மறுபடி படிக்க வேண்டும். இதை விட்டுவிட்ட டிரைவர் பழுதான செக்டாருக்குத் தவறான எண்ணைச் சொல்லும். வழக்கமான ஓட்டத்தை அகலப்படுத்திவிட்டு, பிழைக்கான ஓட்டத்தைக் குறுகலாகவே விட்டுவிடுவது இந்தத் துறையில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு.

ஸ்கஸி உலகம் இதே சிக்கலைக் கையாண்ட விதத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கும் முகவரி வளர்ந்தது: மிகப் பழைய ஆறு பைட் கட்டளையில் 21 பிட், பத்து பைட் கட்டளையில் 32 பிட், பதினாறு பைட் கட்டளையில் 64 பிட். 32 பிட் முகவரி 2,199,023,255,552 பைட் வரை, அதாவது ஏறக்குறைய 2.2 டெராபைட் வரை தாங்கும். அதைவிடப் பெரிய டிஸ்க்கிடம் பழைய கட்டளையால் கொள்ளளவைக் கேட்டால் என்ன பதில் வரும்? 32 பிட்டும் 1ஆக நிரப்பிய எண் வரும். 'என் அளவு இந்தக் கட்டத்தில் அடங்காது. பெரிய கட்டளையால் கேள்' என்பது அதன் பொருள். உண்மை அளவின் கீழ்ப் பாதியை மட்டும் தராமல், அடங்கவில்லை என்பதை வெளிப்படையாகச் சொல்கிறது. இதுதான் நல்ல வடிவமைப்பு.

இந்த நல்ல வடிவமைப்பையும் கெடுக்கும் டிரைவர் உண்டு. அந்தக் கட்டளை தருவது கடைசி செக்டாரின் எண்ணை. மொத்த எண்ணிக்கை வேண்டுமென்றால் 1 கூட்ட வேண்டும். எல்லாம் 1ஆன 32 பிட் எண்ணோடு, 32 பிட் மாறியில் 1 கூட்டினால் கிடைப்பது 0. குறியீட்டின் பொருள் தெரியாத டிரைவருக்கு அந்தப் பெரிய டிஸ்க் கொள்ளளவே இல்லாத டிஸ்க்காகத் தெரியும். மேல் பாதியை வெட்டிய டிரைவர்களின் கதை வேறு. 2010ல் 3 டெராபைட் டிஸ்க்குகள் சந்தைக்கு வந்தன. பலருடைய கணினிகளில் அவை 746 ஜிபி என்று தெரிந்தன. 3 டெராபைட் டிஸ்க்கில் 5,860,533,168 செக்டார். அதிலிருந்து இரண்டின் 32ஆம் அடுக்கைக் கழித்தால் மிஞ்சுவது 1,565,565,872 செக்டார். அதுதான் அந்த 746 ஜிபி. இப்படி ஓர் எண்ணை எங்கேனும் கண்டால், உடனே அதோடு இரண்டின் அடுக்குகளைக் கூட்டிப் பாருங்கள். நோய் எங்கே என்று அந்தக் கணக்கே காட்டிக்கொடுக்கும்.

கட்டளையில் 64 பிட் வந்தபின்னும் டிரைவரின் சொந்த நிரலுக்குள் குறுகலான இடங்கள் மிஞ்சியிருக்கும். சி மொழியில் எழுதுகிறவர்கள் கவனியுங்கள். 32 பிட் மாறியில் இருக்கும் செக்டார் எண்ணை 512ஆல் பெருக்கி, விடையை 64 பிட் மாறியில் வைத்தால் பாதுகாப்பு என்று தோன்றும். பெருக்கல் 32 பிட்டிலேயே நடந்து முடிந்து, மேல் பிட்கள் உதிர்ந்த பிறகுதான் விடை அகலமான மாறிக்குப் போகிறது. 4 ஜிகாபைட்டிலேயே தவறு தொடங்கிவிடும். குறியுள்ள மாறியில் செக்டார் எண்ணை வைத்தால் எல்லை பாதியாகி 1 டெராபைட்டில் எதிர்மறை எண் ஆகிவிடும். லினக்ஸில் செக்டார் எண்ணுக்கென்றே தனி வகை ஒன்றை வைத்து, எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்தச் சொன்னார்கள். 32 பிட் கணினிகளில் அது வெகுகாலம் விருப்பத் தேர்வாக இருந்தது. 2019ல் வந்த 5.2 பதிப்பிலிருந்து எப்போதும் 64 பிட்தான். ஓர் அகலத்தை இரண்டு விதமாகத் தேர்ந்தெடுக்க விடுவதைவிட ஒரே அகலத்தைக் கட்டாயமாக்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

பார்ட்டிஷன் அட்டவணையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1983ன் எம்.பி.ஆர் அட்டவணையில் தொடக்கத்துக்கும் நீளத்துக்கும் 32 பிட். அதனால் அதே 2.2 டெராபைட் எல்லை. ஜி.பி.டி அட்டவணை அதை 64 பிட்டாக்கித் தீர்த்தது. ஜி.பி.டி தெரியாத பழைய இயங்குதளங்களுக்காக வெளிப்புற யூ.எஸ்.பி டிஸ்க் செய்தவர்கள் ஒரு குறுக்கு வழி கண்டார்கள். பெட்டிக்குள் இருக்கும் சிப், செக்டார் அளவு 512 இல்லை, 4,096 பைட் என்று கணினியிடம் சொல்லும். அதே 32 பிட்டில் எட்டு மடங்கு இடம் கிடைத்துவிடும். டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து கழற்றி நேராக மதர்போர்டில் மாட்டினால் செக்டார் மறுபடி 512 ஆகி, அட்டவணையின் எண்கள் எல்லாம் வேறு இடத்தைக் காட்டும்.

4,096 என்ற எண் டிஸ்க்குக்குள்ளேயும் வந்தது. 512 பைட்டுக்கு ஒருமுறை பிழை திருத்தும் குறியீடும் இடைவெளியும் வைப்பது இடத்தை வீணாக்குகிறது என்பதால், தயாரிப்பாளர்கள் 2011ஐ ஒட்டி 4,096 பைட் செக்டாருக்கு மாறினார்கள். பழைய மென்பொருளுக்காக, வெளியே 512 என்றே காட்டும் டிஸ்க்குகள்தாம் அதிகம். இங்கே தரவு அழியவில்லை, வேகம் அழிந்தது. பழைய வழக்கப்படி முதல் பார்ட்டிஷன் 63ஆம் செக்டாரில் தொடங்கும். 63 எட்டால் வகுபடாது. ஃபைல் சிஸ்டத்தின் ஒவ்வொரு 4 கே.பி பிளாக்கும் டிஸ்க்கின் இரண்டு உண்மைச் செக்டார்கள் மேல் குறுக்கே விழும். ஒவ்வொரு முறை எழுதும்போதும் டிஸ்க் இரண்டையும் முதலில் படித்து, திருத்தி, மறுபடி எழுத வேண்டியிருந்தது. சில டிஸ்க்குகளில் ஒரு ஜம்பரைப் போட்டால் எல்லா முகவரிக்கும் 1 கூட்டும்படிகூடச் செய்திருந்தார்கள். இப்போது பார்ட்டிஷன்கள் 2,048ஆம் செக்டாரில் தொடங்குவது இதனால்தான். டிஸ்க் தன் உண்மைச் செக்டார் அளவை அடையாளத் தகவலின் 106ஆவது சொல்லில் சொல்கிறது. நல்ல டிரைவர் அதைப் படித்து மேலே இருப்பவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

இனி, முகவரி ஒரு பிரச்சினையே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது முன்னால் வந்து நிற்பது நேரம். எஸ்.டி-506 இடைமுகத்தின் வேகம் நொடிக்கு 5 மெகாபிட். கணக்கின்படி 5 மெகாபைட்டையும் 8 நொடியில் படித்துவிடலாம். இன்று 20 டெராபைட் டிஸ்க் நொடிக்கு 250 மெகாபைட் தந்தால், முழுவதும் படிக்க 80,000 நொடி. 22 மணி நேரத்துக்கு மேல். கொள்ளளவு வளர்ந்த அளவுக்கு வேகம் வளரவில்லை. ரெய்டு அமைப்பில் ஒரு டிஸ்க் போய் மாற்று டிஸ்க்கை நிரப்பும்போது, அத்தனை மணி நேரமும் மற்ற டிஸ்க்குகள் ஓய்வில்லாமல் ஓட வேண்டும். வீட்டுக்கான டிஸ்க்குகளின் விவரத்தாளில் 10ன் 14ஆம் அடுக்கு பிட்டுக்கு ஒரு திருத்த முடியாத பிழை வரலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் பைட்டாக்கினால் 12.5 டெராபைட். 20 டெராபைட் டிஸ்க்கை ஒருமுறை முழுதாகப் படிப்பது அந்த எல்லையைத் தாண்டுகிறது. பிழையே வராது என்று எண்ணி எழுதிய டிரைவர் இனி செல்லாது.

டிரைவரின் காத்திருப்பு நேரமும் இதனோடு சேர்ந்தது. லினக்ஸில் டிஸ்க்கின் பதிலுக்காகக் காத்திருக்கும் இயல்பான நேரம் 30 நொடி. வீட்டுக்கான டிஸ்க்குகளில் சில, ஒரு கெட்ட செக்டாரை மீட்க அதைவிட அதிக நேரம் தமக்குள் போராடும். டிரைவர் பொறுமை இழந்து டிஸ்க்கை மீட்டமைக்கும். ரெய்டு அதைச் செத்ததாகக் கருதி வெளியேற்றும். ஒரு செக்டாரின் பழுது, ஒரு டிஸ்க்கின் சாவாகிவிடுகிறது. ரெய்டுக்கான டிஸ்க்குகளில் இந்தப் போராட்டத்தை வழக்கமாக 7 நொடியில் நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள். நேரத்துக்கான கட்டமும் ஒருமுறை நிரம்பியிருக்கிறது. டிஸ்க்கை முழுதாக அழிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அது சொல்லும் இடம், இரண்டு இரண்டு நிமிடமாக எண்ணும் ஒரு பைட். 508 நிமிடம் வரைதான் சொல்ல முடியும். அதற்கு மேல் 'அதைவிட அதிகம்' என்ற ஒரே பதில். 22 மணி நேர டிஸ்க் அதில் எப்படி அடங்கும்? பின்னால் அதையும் விரிவாக்கினார்கள்.

இன்னொரு மாற்றம், ஓடு வேய்ந்தது போலத் தடங்களை ஒன்றன் விளிம்பின்மேல் இன்னொன்றாக எழுதும் டிஸ்க்குகள். இவற்றில் ஒரு வகை, தன்னை வழக்கமாக 256 எம்.பி அளவுள்ள மண்டலங்களாகப் பிரித்துக் காட்டும். ஒவ்வொரு மண்டலத்திலும் முன்னிருந்து பின்னாக, வரிசை தவறாமல் மட்டுமே எழுத முடியும். இடையில் ஓரிடத்தில் எழுதச் சொன்னால் டிஸ்க் மறுத்துவிடும். வேகத்துக்காகக் கோரிக்கைகளை முன்பின் மாற்றி அடுக்குவதே காலங்காலமாக டிரைவர் அடுக்கின் பெருமையாக இருந்தது. இங்கே அதே பழக்கம் பிழையாகிவிடுகிறது. 2017ல் லினக்ஸ் 4.10 இந்த மண்டல டிஸ்க்குகளுக்கு ஆதரவு சேர்த்தபோது, எழுதும் கட்டளைகளின் வரிசையைக் காக்கும் ஏற்பாடும் தேவைப்பட்டது. கொள்ளளவு வளர்வது எண்களை மட்டும் பெரிதாக்கவில்லை, டிரைவருக்கும் டிஸ்க்குக்கும் இடையிலான ஒப்பந்தத்தையே மாற்றிவிட்டது.

நேரம் ஆகிவிட்டது. உங்களிடம் ஒரு கோரிக்கை வைத்து முடிக்கிறேன். இந்த எல்லைகளைச் சோதிக்கப் பெரிய டிஸ்க் வாங்கத் தேவையில்லை. லினக்ஸில் 'ட்ரங்கேட்' கட்டளையால் 3 டெராபைட் அளவுள்ள வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்குங்கள். எழுதாத பகுதி டிஸ்க்கில் இடம் பிடிக்காது. அதை லூப் சாதனமாக இணையுங்கள். இரண்டின் 23, 28, 31, 32ஆம் அடுக்கு எண்ணுள்ள செக்டார்களையும், அவை ஒவ்வொன்றுக்கும் ஒன்று முன், ஒன்று பின் உள்ளவற்றையும், 0ஆம் செக்டாரையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் அதனதன் சொந்த எண்ணை எழுதுங்கள். எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகே படிக்கத் தொடங்குங்கள்; ஒன்றை எழுதி உடனே படிக்கும் சோதனை ஏன் ஏமாற்றும் என்று முன்பே பார்த்தோம். எங்காவது ஒரு செக்டார் வேறொன்றின் எண்ணைச் சொன்னால் முகவரி சுற்றுகிறது என்று பொருள். நீங்கள் எழுதும் ஃபைல் சிஸ்டம், காப்புப் பிரதி நிரல், டிரைவர் எதுவானாலும் இந்தச் சோதனையை வெளியிடும் முன் ஓட்டிப் பாருங்கள். ஒரு பிற்பகல் வேலை. இந்தப் பருவத்து ஆய்வக வகுப்பிலேயே அதைத் தொடங்குங்கள் என்று உங்களையும் உங்கள் ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.